உப்பைக் குறைத்தேன், சோடியம் குறையவில்லையே?

கேள்வி: ரத்த அழுத்தத்துக்காக இரண்டு மாதமாக உப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். ஆனால் 140 இருந்த சீரம் சோடியம் இப்போதும் 139. ரத்த அணுக்களுக்குள் இருக்கும் சோடியமாவது குறைந்திருக்குமா?

பதில்: அந்த எண் அசையாமல் இருப்பதுதான் நல்லது. லேபில் அணுக்களை நீக்கிவிட்டு, மிஞ்சும் சீரம் என்ற திரவத்தில்தான் சோடியத்தை அளக்கிறார்கள். லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருப்பது சரியான அளவு. உடம்பில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதை அது சொல்லாது. உப்புக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதத்தைத்தான் சொல்லும். உப்பைக் குறைத்ததும் சில நாட்களுக்குச் சிறுநீரகம் சோடியத்தைத் தண்ணீரோடு சேர்த்தே வெளியேற்றுகிறது. இரண்டும் ஒன்றாக இறங்குவதால் விகிதம் மாறுவதில்லை. ரத்த நாளங்களில் ஓடும் திரவம் குறைகிறது, அழுத்தமும் இறங்குகிறது. (முதல் வாரத்தில் எடை சற்றுக் குறைந்திருந்தால், அது கொழுப்பு இல்லை, இந்தத் தண்ணீர்தான்.)

சரி, அணுக்களுக்கு வருவோம். சிவப்பணுவுக்குள் சோடியம் 10 மில்லிமோல் அளவில்தான் இருக்கும், வெளியே 140. அதனால் சோடியம் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பதுபோல, அணுச்சவ்வில் உள்ள பம்புகள் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கின்றன. நீங்கள் உப்பைக் குறைத்தாலும் வெளியே அந்த 140 மாறவில்லை. கசிவும் பெரிதாக மாறாது. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது, புதுப் பம்பு செய்துகொள்ளவும் முடியாது. இருப்பதை வைத்தே தன் 120 நாள் ஆயுளை ஓட்டுகிறது. ரத்த அழுத்தக்காரர்களின் அணுக்களில் சோடியம் சற்றுக் கூடுதல் என்று சில ஆய்வுகள் காட்டின, வேறு சிலவற்றில் வித்தியாசமே இல்லை. ஆகவே இதற்காகத் தனிப் பரிசோதனை தேடி அலைய வேண்டாம்.

உங்கள் முயற்சி பலிக்கிறதா என்று பார்க்க 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனை இருக்கிறது. சாப்பிடும் சோடியத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் சிறுநீரில்தான் போகிறது. காலையில் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை ஒரு சொட்டு விடாமல் சேகரிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 5 கிராம் உப்புக்குள் நீங்கள் இருந்தால், ஒரு நாள் சிறுநீரில் உள்ள மொத்த சோடியம் 85 மில்லிமோலை ஒட்டியோ அதற்குக் கீழேயோ வரும். 150 என்று வந்தால், ரொட்டி, சாஸ், பாக்கெட் தீனி வழியாக உப்பு உள்ளே போகிறது என்று அர்த்தம்.

சிறுநீர் பெருக்கி மாத்திரை எடுப்பவர்கள், குறிப்பாக முதியவர்கள், சீரம் சோடியம் 135-க்குக் கீழே போனால் தாங்களாகவே உப்பைக் கூட்டாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தால், அல்லது பொட்டாசியத்தைக் கூட்டும் ரத்த அழுத்த மாத்திரை எடுத்தால், மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்காதீர்கள்.