விருந்தாளி வந்தால் எந்தக் கடலுக்குக் கூட்டிப்போவது? ராமநாதபுரம் கடற்கரை கேள்வி பதில்

வெளியூர்ச் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் நம் பக்கம் எங்கே கூட்டிப்போவது என்று ஊர்க்காரர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். ராமநாதபுரத்தில் வேன் ஓட்டிப் பிழைக்கிறவன் நான். தேவிபட்டினம் முதல் வாலிநோக்கம் வரை ஆட்களை ஏற்றிப் போய் இறக்குவதுதான் வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

கேள்வி (ராமநாதபுரத்திலிருந்து ஒரு தங்கச்சி): அண்ணே, கோயம்புத்தூரிலிருந்து வீட்டுக்காரரின் அத்தை குடும்பம் வருகிறது. கையில் ஒரே நாள்தான். ராமேஸ்வரம், தனுஷ்கோடி, தேவிபட்டினம், உத்தரகோசமங்கை எல்லாம் ஒரே ஓட்டமாக முடியுமா?

ஓட்டினால் முடியும் தங்கச்சி. ஆனால் வந்தவர்கள் மனதில் ஒன்றும் நிற்காது. ஒரு நாள் என்றால் ராமேஸ்வரம் தீவு மட்டும் போதும், மற்றதை அடுத்த வரவுக்கு வையுங்கள். முடிந்தால் முதல் நாள் இரவே ராமேஸ்வரத்தில் தங்கச் சொல்லுங்கள். அதிகாலை ஸ்படிக லிங்க தரிசனம், அப்புறம் அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, அதன்பின் கோயிலுக்குள் 22 தீர்த்தம். தீர்த்தமாடிய ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுத்துணி கையில் இருக்கட்டும். சாமி கும்பிட்ட கையோடு வெளியே வந்துவிடாமல், மூன்றாம் பிரகாரத்தை ஒரு சுற்று மெதுவாக நடக்க வையுங்கள். 1212 தூண்கள் என்று சொல்வார்கள். எண்ண வேண்டாம், ஒரு மூலையில் நின்று மறுமூலையைப் பார்த்தாலே போதும். சேதுபதிகள் நமக்கு விட்டுப்போன பெரிய சொத்து அது.

சாப்பிட்டு, உச்சி வெயிலுக்கு ஓய்வெடுத்துவிட்டு, மூன்று மணிவாக்கில் தனுஷ்கோடி கிளம்புங்கள். திரும்பும்போது பேக்கரும்பில் கலாம் அய்யா நினைவிடம் பார்க்கலாம் என்று சிலர் திட்டம் போடுவார்கள், அதற்குள் அடைத்துவிடும். மறுநாள் ஊர் திரும்பும் வழியில் பார்ப்பதுதான் தோது.

கேள்வி (பரமக்குடியிலிருந்து ஒரு தம்பி): தனுஷ்கோடியில் பிள்ளைகள் குளிக்க ஆசைப்படுகிறார்கள். எந்த இடம் பாதுகாப்பு?

எந்த இடமும் இல்லை தம்பி. அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேர்கிற இடத்தில் அடியில் இழுப்பு இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. கணுக்கால் நனைத்துவிட்டுத் திரும்புங்கள். குளிக்கத்தான் வேண்டும் என்றால் உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். சவுக்குத்தோப்பு நிழல் இருக்கிறது, கரை ஆழமில்லாமல் மெதுவாக இறங்கும். அங்கேயும் பிள்ளைகள் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

தனுஷ்கோடியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2017-இல் முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு, பலர் காரில் நேராக முனைக்குப் போய், படம் எடுத்து, அரை மணியில் திரும்பிவிடுகிறார்கள். பழைய ஊரில் இறங்குவதே இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அந்த ஊரே போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. அதற்கு முன் சென்னையிலிருந்து ரயிலில் வந்தவர்கள் இங்கே கப்பல் ஏறித் தலைமன்னார் போனார்கள். ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சர்ச் எல்லாம் இருந்த துறைமுக ஊர். இடிந்த சர்ச் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று கல்லைப் பாருங்கள். கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளக்கல், தேன்கூடு மாதிரி கண் கண்ணாக இருக்கும். உள்ளே ஏறி நின்று ஆட்டம் போட்டுப் படம் எடுப்பதைத் தயவுசெய்து தடுங்கள். உடல் கிடைக்காமல் போன குடும்பங்களின் ஆட்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

அங்கே குடிசை போட்டு இருக்கிற மீனவக் குடும்பங்கள் மணலில் பள்ளம் தோண்டித் தண்ணீர் எடுப்பார்கள். கடல் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருக்கும், ஊறுவதோ நல்ல தண்ணீர். மழைநீர் உப்புநீரைவிட லேசானது, மணலுக்கடியில் அதன் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும், அதனால் மேலாக அள்ளிக் குடத்தை நிரப்புவார்கள். வரும் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் இல்லை. அவர்கள் கடையில் இளநீரோ பொரித்த மீனோ வாங்கிச் சாப்பிடுங்கள்.

இருட்டும் முன் போலீஸ்காரர்கள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை என்றால் கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைக் கூட்டம் நிற்க வாய்ப்பு உண்டு. அந்தப் பகுதியை 2025-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹாரன் அடிக்காமல் பாருங்கள்.

கேள்வி (மண்டபத்துக்கு மாற்றலாகி வந்த ஆசிரியை): ஜூன் மாதம் தோழிகள் வருகிறார்கள். கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்கிறார்களே, வரச் சொல்லலாமா?

தாராளமாக வரச் சொல்லுங்கள் டீச்சர். நம்மிடம் இருப்பது இரண்டு கடல், இரண்டும் ஒரே நேரத்தில் அடம்பிடிப்பது அபூர்வம். தெற்கத்திச் சோளகக் காற்று வீசுகிற மே முதல் ஆகஸ்ட், செப்டம்பர் வரை தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, எகிறிக்கொண்டிருக்கும். அப்போது வடகடல், பாக் நீரிணைப் பக்கம், குளம்போல் கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் வாடை பிடித்தால் கதை தலைகீழ். அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் மாதத்தைத்தான் கேட்பேன்.

ஜூனில் வருகிறவர்களுக்கு அரியமான், தேவிபட்டினம், காரங்காடு. டிசம்பரில் வருகிறவர்களுக்கு சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம். தனுஷ்கோடி சாலையில் மட்டும் இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டலாம், ஒரு பக்கம் அலை அடித்து வீழும், மறுபக்கம் தண்ணீர் அசையாது. உங்கள் தோழிகள் ஜூனில் பார்க்கப்போவது அதைத்தான். காற்றில் மணல் முகத்தில் அறையும், துப்பட்டாவோ கண்ணாடியோ அவசியம்.

கேள்வி (மதுரை, திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா): அம்மாவுக்கு முழங்கால் வலி. அதிகம் நடக்க முடியாது. எந்தக் கோயில் தோதாக இருக்கும்?

திருப்புல்லாணி கூட்டிப்போங்கள் அக்கா. ராமநாதபுரத்திலிருந்து பத்து கிலோமீட்டர்தான். ஆதி ஜெகந்நாதப் பெருமாள், தர்ப்பைப் புல்லில் படுத்த ராமர். 108 திவ்ய தேசத்தில் ஒன்று, ராமேஸ்வரம் அளவுக்குக் கூட்டம் நெருக்காது. அங்கிருந்து சேதுக்கரை கொஞ்ச தூரம், வண்டியில் இருந்தபடியே கடல் பார்க்கலாம். அமாவாசை அன்று மட்டும் தவிர்த்துவிடுங்கள், தர்ப்பணம் கொடுக்க வருகிற கூட்டத்தில் அம்மா சிரமப்படுவார்.

உத்தரகோசமங்கைக்கும் போகலாம், பிரகாரத்தில் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். மரகத நடராஜரை ஆண்டு முழுக்கச் சந்தனக்காப்பில்தான் பார்க்க முடியும், மார்கழி ஆருத்ரா தரிசனத்தை ஒட்டி மட்டும் காப்பைக் களைவார்கள். அந்த நாளில் முதியவர்களைக் கூட்டிப்போகாதீர்கள், நெரிசல் தாங்காது.

கேள்வி (உச்சிப்புளி தம்பி): பாம்பன் பாலத்தில் நிறுத்திப் படம் எடுக்க விடுவார்களா அண்ணே?

நிறுத்தாதே தம்பி. எல்லோரும் நிறுத்துகிறார்கள் என்பது காரணமில்லை, பின்னால் வருகிற பஸ்ஸுக்கு இடமிருக்காது. பாலத்துக்கு முன்போ பின்போ வண்டியை விட்டுவிட்டு நடைபாதையில் நடந்து வா. சாலைப் பாலத்துக்குப் பக்கத்தில் தெரிவது ரயில் பாலம், 1914-இல் திறந்த பழையதற்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதியது. பழையது நடுவில் இரண்டாகப் பிரிந்து கை தூக்கியது, புதியது நடுப்பகுதி முழுவதும் அப்படியே நேராக மேலே ஏறும். கப்பல் கடக்கிற நாள் வாய்த்தால் அதிர்ஷ்டம். ரயிலில் வருகிறவர்களை விடியலில் எழுப்பி ஜன்னலோரம் உட்காரச் சொல்.

கேள்வி (கீழக்கரைக்காரர் ஒருவர்): சென்னையில் கூட வேலை பார்ப்பவர்கள் வருகிறார்கள். கோயில், கடல் இரண்டும் பார்த்தாயிற்று என்கிறார்கள். நம்ம ஊரில் என்ன காட்டுவது?

காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்), உங்கள் ஊரைவிட வேறெதைக் காட்டப் போகிறீர்கள்? பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்களைக் காட்டுங்கள். கோயில் மண்டபத்தில் நிற்கிற அதே தச்சு மரபு, உருவங்களுக்குப் பதிலாகப் பூவும் கொடியும். தொழுகை நேரம் பார்த்து, பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு கூட்டிப்போங்கள். வள்ளல் சீதக்காதி அடக்கமாகியிருப்பதும் அங்கேதான். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்கிறார்கள், அவர் எந்த ஊர் என்று கேட்டால் பாதிப்பேர் விழிப்பார்கள்.

அப்புறம் தொதல் என்கிற இனிப்பு. தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டுகிற வீடு எதுவாவது தெரிந்தால் அடுப்படிக்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள். மணிக்கணக்காகக் கை ஓயாமல் கிண்ட வேண்டும். முதலில் கூழாக இருந்தது இறுகி, கறுத்து, ஓரத்தில் எண்ணெய் கக்கி, கரண்டியோடு சட்டியை விட்டுச் சேர்ந்தாற்போல் எழும்பும்போதுதான் இறக்குவார்கள். அதைப் பார்த்தவர்கள் வாழ்நாளில் மறக்கமாட்டார்கள்.

மறுநாள் காலை ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம். இதற்கு நம் ஊர்க்காரர்களே போவதில்லை என்பது எனக்கு நிஜமான வருத்தம். கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம். சுவர் முழுக்க ஓவியம், ராமாயணம் ஒரு பக்கம், தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டை ஒரு பக்கம், மன்னரைப் பார்க்க வந்த ஐரோப்பியர்கள் ஒரு பக்கம். வெயிலிலிருந்து உள்ளே போனதும் ஒன்றும் தெரியாது, கண் பழகும் வரை பொறுமையாக நிற்க வேண்டும்.

கேள்வி (தேவகோட்டை தம்பி): படகில் போகிற மாதிரி ஏதாவது? தீவுகளுக்குப் போகலாமா?

நினைத்தபடி போக முடியாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது, கடல் சரியில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன் விசாரித்துக்கொள். தனியாகப் படகு பேசித் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஒதுங்கிவிடு.

நீ தேவகோட்டை என்பதால் காரங்காடுதான் உனக்குப் பக்கம். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே போக வேண்டும். அலையாத்திக் காட்டுக்குள் வாய்க்கால் வழியாகப் படகு போகும், ஊர் மக்களும் வனத்துறையும் சேர்ந்து நடத்துகிறார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஊர்ப்பெண்கள் மீனும் நண்டும் சமைத்துத் தருவார்கள். காலையில் சீக்கிரம் போ.

கேள்வி (சாயல்குடியிலிருந்து): நல்ல மீன் சாப்பாடு எந்த நாளில் கிடைக்கும்? என்ன மீன் கேட்கலாம்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது நாட்டுப்படகு மீன்தான், வரத்து குறைவு, விலை கூடுதல், ஆனால் அன்றன்றைக்குப் பிடித்தது. மற்ற மாதங்களில் விசைப்படகு கரை திரும்புகிற காலையில் கடலோரம் வாங்கி வீட்டில் சமைப்பதே சிறப்பு. வருகிறவர்கள் வஞ்சிரமும் இறாலும் கேட்பார்கள், அது எந்த ஊரிலும் கிடைக்கும். நகரை, விளமீன், முரல், சூடை போட்டுக் கொடுங்கள். முள்ளுக்குப் பயப்படுகிறவர்களுக்குக் கணவாய்.

கேள்வி (ராமநாதபுரத்திலிருந்து ஒரு பெரியம்மா): ஊருக்குத் திரும்பும்போது என்னப்பா கொடுத்தனுப்புவது?

சங்கு வாங்கலாம் பெரியம்மா. ஆனால் பவளப்பாறைத் துண்டு, காய்ந்த கடல்குதிரை என்று யார் நீட்டினாலும் தொடவே வேண்டாம். சட்டப்படி குற்றம், கடலுக்கும் கேடு. தைமாதம் என்றால் பனங்கிழங்கு, கோடையில் நுங்கு. எந்த மாதமும் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி, பனையோலைப் பெட்டி. நம்ம முண்டு மிளகாய் ஒரு கிலோ கட்டாயம், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. கருவாடு கேட்டால் பாம்பனில் பார்த்து வாங்குங்கள், கையில் அழுத்தினால் நெகிழாமல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். காகிதத்தில் சுற்றி, மேலே இரண்டு பாலிதீன் பை போட்டு வாயை இறுகக் கட்டி, துணிமணியோடு சேர்க்காமல் தனிப்பையில் வையுங்கள்.