செயற்கைச் சுவாசக் குழாயால் தொண்டையில் புண்: விலங்காய்வுகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (ஐசியூ செவிலியர்): வென்டிலேட்டரில் பல நாள் இருந்தவர்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்குவதை நோயாளிகளிடமே ஆராயலாமே, விலங்குகள் எதற்கு?

பதில்: ஓரளவு ஆராயலாம். 1984இல் சீகோபின், வான் ஹாசெல்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அறுவை சிகிச்சை நோயாளிகளின் மூச்சுக்குழாயை எண்டோஸ்கோப் வழியே பார்த்து, செயற்கைச் சுவாசத்துக்காகச் செருகும் குழாயைச் சுற்றி, காற்று கசியாதபடி அடைக்க ஊதப்படும் சிறு காற்றுப்பையின் அழுத்தம் 30 செ.மீ. நீர் அளவைத் தாண்டும்போது சளிச்சவ்வின் இரத்த ஓட்டம் குறைவதைக் காட்டினர். ஆனால் அச்சவ்வுக்கு அடியில் புண் எப்போது குருத்தெலும்பைத் தொடுகிறது, எப்போது தழும்பாக இறுகுகிறது என்பதை அறிய, வெவ்வேறு நாள்களில் திசுவை வெட்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தேறிவரும் நோயாளியிடம் அதைச் செய்ய யாரும் துணியமாட்டார்கள். பிரேதப் பரிசோதனையில் கிடைப்பதோ கடைசி நிலை மட்டுமே. அதிலும் தொற்று, இரத்த அழுத்தக் குறைவு, இரைப்பை அமிலம் ஆகியவற்றின் விளைவுகள் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கும்.

கேள்வி (மயக்கவியல் முதுநிலை மாணவி): நாய்களில் செய்யப்பட்ட பழைய ஆய்வுகளுக்கு இன்றும் மதிப்பு உண்டா?

பதில்: உண்டு. 1952இல் கோபன்ஹேகனில் பரவிய இளம்பிள்ளை வாதத்துக்குப் பிறகு நீண்டகாலச் செயற்கைச் சுவாசம் வழக்கத்துக்கு வந்தது; கூடவே, காற்றுப்பை அழுத்திய இடத்தில் மூச்சுக்குழாய் சுருங்குவதும் மருத்துவர்களின் கண்ணில் பட்டது. 1969இல் கூப்பர், கிரில்லோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் நாய்களில் அந்தக் காயத்தைச் செயற்கையாக உருவாக்கி, குறைந்த அழுத்தத்தில் விரியும் மென்மையான பெரிய காற்றுப்பை அதைப் பெரிதும் தவிர்ப்பதையும் காட்டினர். இன்று நீங்கள் நோயாளிக்குப் பொருத்தும் குழாயின் வடிவத்தில் அந்த ஆய்வின் பங்கு உள்ளது.

கேள்வி (ஆய்வு மாணவர்): முயல், பன்றி, செம்மறியாடு, எலி ஆகியவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: விலங்கை முதலில் முடிவு செய்துவிட்டுக் கேள்வியைப் பின்னர் தேடுவோர் பலர், அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பச்சிளங்குழந்தையின் குறுகிய பாதையைப் பற்றிய கேள்வியானால், அளவில் நெருங்கி வரும் முயல் பொருந்தும். ஆனால் அதன் வாய் நீண்டு குறுகியது, குரல்வளை தொட்டவுடன் இறுகும் இயல்புடையது என்பதால், குழாயைச் செருகும் முயற்சியே காயம் உண்டாக்கிவிடும். எனவே செருகியவுடன் எடுத்துவிட்ட முயல்களைத் தனிக் குழுவாக வைத்து ஒப்பிடாத ஆய்வை நான் நம்புவதில்லை. பெரியவர்களுக்கான குழாயை அப்படியே சோதிக்க வேண்டுமானால் பன்றியோ செம்மறியாடோ தேவை. சுண்டெலியின் பயன் வேறு: பிளியோமைசின் என்ற மருந்தும் சிறு கம்பித் தூரிகையும் கொண்டு மூச்சுக்குழாயில் காயம் உண்டாக்கி, தழும்பு இறுகும்போது எந்த உயிரணுக்கள் (செல்கள்) செயல்படுகின்றன என்பதை அதில் தொடரலாம். அங்கே குழாயின் அழுத்தம் காரணமே அன்று என்பதால், குழாயின் வடிவமைப்பைப் பற்றிச் சுண்டெலியிடம் கேட்கக் கூடாது.

கேள்வி (கால்நடை மருத்துவர்): நான்கு கால் விலங்கின் குரல்வளை, மனிதக் குரல்வளைக்கு ஈடாகுமா?

பதில்: முழுமையாக ஆகாது. மனிதருக்கு வாய்வழி செல்லும் குழாய் வளைந்து இறங்குகிறது. நிமிர முயலும் குழாய், குரல்நாண்களின் பின்பகுதியையும் அவற்றுக்குக் கீழே மோதிரம் போல் உள்ள வளையக் குருத்தெலும்பின் பின்சுவரையும் இடைவிடாமல் அழுத்துகிறது. தலையும் கழுத்தும் நீட்டிக் கிடக்கும் விலங்கில் அந்த வளைவு குறைவு. விலங்கில் புண் தோன்றும் இடம் ஒத்திருந்தாலும், "இத்தனை நாள் வரை பாதுகாப்பு" என்ற கணக்கை அங்கிருந்து மனிதருக்கு எடுத்துவர முடியாது. இரு குழாய்களுள் எது மென்மையானது என்ற ஒப்பீட்டை எடுத்துவரலாம்.

கேள்வி (பொது வாசகர்): விலங்கு இல்லாமலே செய்ய முடியாதா?

பதில்: ஒரு பகுதியைச் செய்யலாம். இறைச்சிக் கூடத்தில் கிடைக்கும் பன்றிக் குரல்வளையில் குழாயின் அழுத்தத்தையும் காற்றுக் கசிவையும் அளக்கலாம். இரத்த ஓட்டம் இல்லாத திசுவில் புண்ணோ தழும்போ உருவாகாது என்பதால், அந்தக் கேள்விகளுக்கு மட்டும் உயிருள்ள விலங்கை நாட வேண்டியிருக்கிறது. அதையும் முழு மயக்கத்தில், தேவையான குறைந்த எண்ணிக்கையில் செய்ய வேண்டும்.