ஹெபடைட்டிஸ் பி: களத்தில் இறங்கும் மாணவர்கள் கேட்டவை

ஜூலை 28 உலக ஹெபடைட்டிஸ் (கல்லீரல் அழற்சி) தினம். ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கின் பிறந்த நாள் அது. அந்தத் தேதி நெருங்கும்போதெல்லாம் கல்லூரித் தன்னார்வலர்களிடமிருந்து கேள்விகள் வந்து குவியும். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வீடு வீடாகப் போய்ப் பேசினால், "மஞ்சள் காமாலைதானே, தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் வராது" என்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது நல்ல பழக்கம்தான். அதைக் குறை சொல்லிப் பேச்சைத் தொடங்காதீர்கள். அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகப் பரவுபவை ஏ, ஈ வகை வைரஸ்கள் என்று சொல்லுங்கள். பி வகை பரவும் வழி வேறு: ரத்தம், பாதுகாப்பற்ற உடலுறவு, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு. சரியாகச் சுத்தம் செய்யாத ஊசி, பச்சை குத்தும் கருவி, இன்னொருவர் முகம் மழித்த பிளேடு இவையெல்லாம் ஆபத்து. உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் இந்த வைரஸால் தாக்குப்பிடிக்க முடியும். பிளேடைப் பற்றிச் சொல்லும்போது இந்தத் தகவலையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

"நான் நன்றாகத்தானே இருக்கிறேன், எனக்கெதற்கு டெஸ்ட்?" என்று கேட்பவருக்கு என்ன சொல்வது?

தொற்று உள்ள பெரும்பாலானவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். இந்த நோயில் சிக்கலே அதுதான். வைரஸ் ஆண்டுக்கணக்கில் கல்லீரலில் தங்கியிருக்கும். வலிக்காது, காய்ச்சல் வராது. தெரிய வரும்போது சிலருக்குக் கல்லீரல் சுருங்கிப்போயிருக்கும், சிலருக்குப் புற்றுநோயே வந்திருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் 25 கோடியே 40 லட்சம் பேர் நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி தொற்றோடு வாழ்ந்தார்கள். அவர்களில் தொற்று கண்டறியப்பட்டவர்கள் 13 சதவீதம்தான்.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். ஆரோக்கியமான பெரியவருக்குப் புதிதாகத் தொற்று வந்தால், நூற்றில் 95 பேருக்கு மேல் உடலே அதை விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்கு வந்தால் நிலைமை தலைகீழ். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். அதனால் இன்று நாள்பட்ட தொற்றோடு இருப்பவர்களில் மிகப் பலர் பிறக்கும்போதோ சிறு வயதிலோ அதைப் பெற்றவர்கள். "ஏதோ கெட்ட பழக்கத்தால் வந்தது" என்ற பேச்சை உடைக்க இதைவிட நல்ல தகவல் வேறு இல்லை.

வளாகத்தில் பரிசோதனை முகாம் நடத்த ஆசை. என்னென்ன ஏற்பாடு வேண்டும்?

கார்டு (விரல் நுனி ரத்தத்தில் தொற்றைக் காட்டும் சோதனை அட்டை), பேனர், பந்தல் எல்லாம் அப்புறம். பாசிட்டிவ் வந்தவர் மறுநாள் எங்கே போவார், அங்கே யாரைப் பார்ப்பார்? இதற்குப் பெயரும் நேரமுமாகப் பதில் கையில் இல்லையென்றால் முகாமைத் தள்ளிப்போடுங்கள். கண்டுபிடித்துவிட்டுக் கைவிடுவது, கண்டுபிடிக்காமல் விடுவதைவிடக் கொடுமை என்றே நினைக்கிறேன்.

நான் பார்த்த ஒரு முகாமில் மேசை ஒன்றுதான் இருந்தது. விரல் நுனியில் குத்துவதும் அங்கே, கார்டைப் படிப்பதும் அங்கே. கால் மணி நேரம் கழித்து ஒரு கார்டில் இரண்டாவது கோடு, அதாவது பாசிட்டிவ் என்பதன் அடையாளம், மெல்லத் தெரிந்தது. அதைக் கையில் வைத்திருந்த மாணவி சட்டென்று தோழியைத் திரும்பிப் பார்த்தாள். வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. கார்டுக்குரிய பெண் செருப்பைச் சரியாக மாட்டக்கூட நிற்காமல் போய்விட்டார். பதிவேட்டில் அவர் தொலைபேசி எண் இல்லை.

அதனால் ரத்தம் எடுக்கும் இடமும் முடிவு சொல்லும் இடமும் தனித்தனியாக இருக்கட்டும். கார்டில் பெயர் வேண்டாம், எண் போதும். நெகட்டிவ் வந்தவரையும் பாசிட்டிவ் வந்தவரையும் ஒருவர்பின் ஒருவராக அதே அறைக்குள் அழைத்து, ஏறக்குறைய அதே நேரம் உட்காரவைத்துப் பேசுங்கள். அப்போது வெளியே நிற்பவர் யாராலும் எதையும் ஊகிக்க முடியாது. சம்மதம் கேட்காமல் யாருக்கும் சோதனை செய்யாதீர்கள்; படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது கூடவே கூடாது. ஊசி குத்துவதும் முடிவைச் சொல்வதும் பயிற்சி பெற்ற ஊழியரின் வேலை. பதிவு செய்வது, பயத்தைப் போக்குவது, மருத்துவமனைவரை கூடப் போவது உங்கள் வேலை. இந்தக் கடைசி வேலைதான் மிகப் பெரியது. மாணவர்கள் அதை மிக நன்றாகச் செய்வார்கள்.

கார்டு காட்டுவது வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்பதை மட்டும்தான். பாசிட்டிவ் வந்தால் ஆய்வகத்தில் உறுதி செய்யவேண்டும். வைரஸின் அளவு, கல்லீரல் நொதிகள், ஸ்கேன் எல்லாம் பார்க்கவேண்டும். நெகட்டிவ் வந்தவருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டதாகவும் அர்த்தம் இல்லை. அவரைத் தடுப்பூசிக்கு அனுப்புங்கள்.

தன்னார்வலர்களான நாங்களும் ஊசி போட்டுக்கொள்ளவேண்டுமா?

கட்டாயம். வழக்கமான அட்டவணையில் மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம். இடையில் ஒன்று தவறினால் முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. மருத்துவ, செவிலிய மாணவர்கள் கடைசி ஊசிக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து, ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் (anti-HBs) எவ்வளவு உருவாகியிருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும்.

அறைத்தோழனுக்குப் பாசிட்டிவ். விடுதியில் அவனுக்குத் தனித் தட்டு வைத்துவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, ஆனால் எனக்கும் கொஞ்சம் பயம்.

தனித் தட்டு தேவையே இல்லை. சேர்ந்து சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, இருமல், தும்மல், ஒரே கழிப்பறை இவற்றால் இது பரவாது. பிளேடு, பல்துலக்கி, நகவெட்டி மூன்றையும் பகிர வேண்டாம். அவை யாரோடும் பகிரக் கூடாதவைதான். நீங்கள் ஊசி போட்டுக்கொண்டால் பயமும் போய்விடும். விடுதிக் காப்பாளரிடம் பேசுமுன் நண்பனிடம் கேளுங்கள்: "உனக்காகப் பேசட்டுமா?" அவன் வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, இன்றிரவு அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

மருந்தால் முழுக்கக் குணமாகுமா? கல்யாணம், குழந்தை எல்லாம் முடியுமா?

வைரஸை முழுக்க ஒழிப்பது இப்போதைய மருந்துகளில் அபூர்வம். ஆனால் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் அதை நன்றாக அடக்கிவைக்கின்றன. கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைகிறது. எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. தொடர் பரிசோதனை மட்டும் எல்லோருக்கும் தேவை. மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து, நோய் திடீரென்று தீவிரமாகலாம்.

கல்யாணம் தாராளமாகச் செய்துகொள்ளலாம். துணைவர் முன்கூட்டியே தடுப்பூசியை முடித்துவிடட்டும். தாய்க்குத் தொற்று இருந்தால் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், கூடவே இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப் பொருள்) ஊசியும் போடவேண்டும். வைரஸ் அளவு மிக அதிகமென்றால் கர்ப்ப காலத்திலேயே தாய்க்கு மாத்திரை தருவார்கள். தாய்ப்பால் கொடுக்கலாம்.

முகாமில் பயன்படுத்திய ஊசி யாருக்காவது குத்திவிட்டால்?

அந்த இடத்தைப் பிழிய வேண்டாம். சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். உடனே பொறுப்பு மருத்துவரிடம் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். தடுப்பூசி போடாதவர் என்றால், தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது, முடிந்தால் 24 மணி நேரத்துக்குள். அவை எங்கே கிடைக்கும் என்பதை முகாமுக்கு முந்தின நாளே தொலைபேசியில் கேட்டு, மேசையில் எழுதி ஒட்டிவையுங்கள்.