எஞ்சின் இறக்கி ஏத்தின பிறகு கரண்ட் கோளாறா? கேளுங்க (சிங்கப்பூர் வாசகர்கள் கேள்வி, கேட்டவங்க வட்டாரம் முன்னாடி; கீழே நம்ம பதில்)

தெம்பனிஸ்: அண்ணே, சிஓஇ (கார் வச்சுக்கிற உரிமைச் சான்றிதழ்) நீட்டிச்ச பழைய ஜப்பான் கார். ஓவர்ஹால் முடிஞ்சு வந்ததிலிருந்து ஸ்டார்ட்டர் சோம்பலா சுத்துது, ஹெட்லைட் போட்டா மீட்டர் முள் ஆடுது. புது பாட்டரியும் போட்டாச்சு. அதே கதைதான்.

பாட்டரியைக் குறை சொல்லாதீங்க. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற எர்த் பட்டையைப் பாருங்க, கரண்ட் பாட்டரிக்குத் திரும்புற வயர் அதுதான். எஞ்சினை இறக்கும்போது அதைக் கழட்டியே ஆகணும். திரும்ப மாட்டும்போது மறந்திருப்பாங்க, இல்லைன்னா புதுசா பெயின்ட் அடிச்ச இடத்து மேலேயே வச்சு முறுக்கியிருப்பாங்க.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைங்க. எஞ்சின் பிடிச்சுக்காம இருக்க ஃபியூல் பம்ப் ஃபியூஸை எடுத்துடுங்க. கறுப்பு முனை பாட்டரியோட நெகட்டிவ் ஈயத் தண்டிலேயே படணும், கிளாம்பில் இல்லை. சிவப்பு முனை எஞ்சின் பிளாக்கில் வெறும் உலோகத்தில். இன்னொருத்தரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்க. 0.2 வோல்ட்டுக்குள் இருந்தா சரி. 0.5 தாண்டினா எர்த் கெட்டிருக்கு. பாட்டரி பாசிட்டிவ் தண்டிலிருந்து ஸ்டார்ட்டரோட தடி வயர் போல்ட் வரைக்கும் இதே மாதிரி பாருங்க, 0.5க்குள் வரணும்.

ஓம்ஸ் பார்த்து “நல்லாத்தான் இருக்கு”ன்னு முடிவு கட்டாதீங்க. ஒரே ஒரு இழை பிடிச்சிருந்தாலும் மீட்டர் பூஜ்யம்னுதான் காட்டும். ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது 0.005 ஓம் தடைக்கே 0.75 வோல்ட் தொலைஞ்சிடும். வழி கிடைக்காத கரண்ட் கியர் கேபிள் உறை வழியாப் போய் அதைச் சுட வைக்கும்.

சீக்கிரம் தெரியணும்னா ஜம்ப்பர் கேபிள் ஒண்ணை நெகட்டிவிலிருந்து எஞ்சின் தூக்கும் கொக்கிக்குப் போடுங்க. ஸ்டார்ட்டர் விறுவிறுன்னு சுத்தினா விஷயம் முடிஞ்சது. போல்ட் உட்காரும் இடத்தைப் பளபளன்னு தெரியும்வரை தேய்ச்சு, பல் வாஷர் போட்டு முறுக்குங்க. கிரீஸ் முறுக்கின பிறகு, வெளியே மட்டும்.

பொங்கோல்: செக் லைட் எரியுது, ஸ்கேனரில் கோடு பி 0300 (எந்த சிலிண்டர்னு சொல்லாம, பெட்ரோல் சரியா எரியலைங்கிற கோடு). பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கிற காயில் நாலையும் மாத்தணும்னு வொர்க்ஷாப்ல சொல்றாங்க.

ரிப்பேர் முடிஞ்ச அன்னைக்கே நாலு காயிலும் ஒண்ணா சாகாது. சாக்கெட் இடம் மாறியிருக்கான்னு முதல்ல பாருங்க. 2ஆம் காயில் வயரும் 3ஆம் காயில் வயரும் ஒரே நீளத்தில் தொங்கும், மாத்திச் செருகுறது ரொம்ப சுலபம். அது சரின்னா, கூடவே பி 0302 (2ஆம் சிலிண்டர்) இருந்தா 2ஆம் காயிலையும் 3ஆம் காயிலையும் இடம் மாத்துங்க. கோடு பி 0303ஆ மாறினா காயில்தான். அசையலைன்னா பிளக், இன்ஜெக்டர், வயர். பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தா வால்வ் கவர் கேஸ்கெட். கூடவே பி 0016 வந்திருந்தா வயரிங்கைத் தொடவே வேண்டாம். டைமிங் செயின் பல் தப்பியிருக்கலாம், ஓட்டாம வொர்க்ஷாப்புக்கே திருப்பி அனுப்புங்க.

எல்லாருக்கும் சேர்த்து: ஸ்கேனர் காட்டுற கோடு நம்பரை எழுதி வைக்காம அழிக்காதீங்க. அழிச்சா எந்தச் சூட்டில், எந்த ஆர்பிஎம்மில் வந்துச்சுங்கிற பதிவும் போயிடும்.

யீஷூன்: பி 0325.

நாக் சென்சர், எஞ்சினுக்குள்ள தட்டுற சத்தத்தைக் கேட்கிறது. அதோட வயர் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் நசுங்கியிருக்கும், இல்லை சாக்கெட் மாட்டலை. நடுவில் ஓட்டை உள்ள வளைய வகைக்குப் பெரும்பாலும் 20 நியூட்டன் மீட்டர்தான். கைக்கு வந்தபடி முறுக்கினா சென்சர் தப்பாக் கேட்கும்.

ஜூரோங்: பாட்டரி விளக்கு அணையலை. எஞ்சின் ஓடும்போது 12.3 வோல்ட்.

சார்ஜ் ஆகலை, 13.8லிருந்து 14.5 வரணும். ஆல்டர்னேட்டர் (பாட்டரியை சார்ஜ் பண்ற ஜெனரேட்டர்) பின்பக்கச் சின்ன சாக்கெட், தடி வயர் நட்டு, பெல்ட் இழுவை, இந்த வரிசையில் பாருங்க.

சிராங்கூன்: மீட்டர் எல்லாம் எதுக்கு லா? வண்டி ஓடும்போது பாட்டரி நெகட்டிவைக் கழட்டு. நின்னா ஆல்டர்னேட்டர் அவுட், ஓடினா ஓகே. டாக்ஸி காலத்திலிருந்து இதுதானே வழக்கம்.

இதை யாரும் செய்யாதீங்க. பழைய டீசல் டாக்ஸி அதைத் தாங்கும். பம்ப் மெக்கானிக்கல், கெட்டுப்போக கம்ப்யூட்டரே இல்லை. இப்போ பாட்டரியைப் பிடுங்கினா ஆல்டர்னேட்டர் கொடுத்துக்கிட்டிருந்த கரண்டுக்குப் போக இடமில்லை. தடுப்பு இல்லாத ஆல்டர்னேட்டரில் வோல்டேஜ் ஒரு நொடியின் சிறு பகுதிக்கு 80, 100 வரை எகிறும். இசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்), ஏபிஎஸ், ரேடியோ எது போகும்னு சொல்ல முடியாது.

சிராங்கூன்: புது ஆல்டர்னேட்டரில் அதுக்குன்னு தடுப்பு டயோடு இருக்குதே. சும்மா பயமுறுத்துறீங்க.

இருக்கு, 35 வோல்ட் அளவில் நிறுத்தும். ஆனா ரீகண்டிஷன் பண்ணி வந்ததில் எந்த டயோடு போட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? அதை விடுங்க, சோதனையாவே அது தேறாது. ஏசி கரண்டை டிசியா மாத்துற டயோடுகளில் ஒண்ணு போன ஆல்டர்னேட்டரிலும் எஞ்சின் ஓடும், நீங்க ஓகேன்னு அனுப்புவீங்க, வாரக் கடைசியில் பாட்டரி காலி. மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாத்தி, எஞ்சின் ஓடும்போது லைட், ஏர்கான் போட்டுப் பாட்டரி மேல வைங்க. 0.1க்குள் நல்லது, 0.5 தாண்டினா டயோடு. கழட்டுறதைவிட சீக்கிரமா முடியும்.

சிராங்கூன்: சரி, ஏசி விஷயம் நல்லாருக்கு. மத்ததை ஒத்துக்க மாட்டேன்.

ஒத்துக்க வேண்டாம், கஸ்டமர் கார்ல செய்யாதீங்க.

உட்லண்ட்ஸ்: ஸ்டார்ட்டர் மெதுவா சுத்துது, பெரிய பாட்டரி போடலாமா?

முதல் பதில்.

புக்கிட் பாத்தோக்: ஹைபிரிட், எஞ்சின் வேலைக்குப் பிறகு மஞ்சள் எச்சரிக்கை. ஆரஞ்சு வயரை நானே செக் பண்ணலாமா?

கூடாது, அது ஹை வோல்டேஜ். ஹைபிரிட் பழகின வொர்க்ஷாப்பிடம் விடுங்க.

பிடோக்: எஞ்சினையே மாத்திட்டாங்க, நம்பர் வேற. பிரச்சினையா?

அது வயரிங் கேள்வி இல்லை. நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேளுங்க, அடுத்த இன்ஸ்பெக்ஷன் வரை தள்ளாதீங்க.

செங்காங்: ஃபேன் எப்பவும் ஓடுது.

கூலன்ட் டெம்ப்ரேச்சர் சென்சர் சாக்கெட் மாட்டலை.

அங் மோ கியோ: ரெண்டு நாள் நிறுத்தினா பாட்டரி படுத்துக்குது. ஓடும்போது 14.2.

சார்ஜ் சரி, நிறுத்தின பிறகும் கரண்ட் கசியுது. நெகட்டிவைக் கழட்டி, பாட்டரி தண்டுக்கும் கழட்டின வயருக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணைங்க. சாவி போடாதீங்க, ஸ்டார்ட்டர் அடிச்சா மீட்டர் ஃபியூஸ் போயிடும். எல்லாக் கதவையும் பூட்டி 30 நிமிஷம் விடுங்க, மாட்யூல்கள் (காருக்குள்ள இருக்கிற சின்ன கம்ப்யூட்டர்கள்) தூங்கணும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல நின்னா ஃபியூஸ்களைப் பிடுங்காம, ஒவ்வொரு ஃபியூஸ் தலையிலும் ரெண்டு புள்ளியில் மில்லிவோல்ட் பாருங்க, எதில் காட்டுதோ அதில் கரண்ட் போகுது. பிடுங்கித் திரும்பச் செருகினா தூங்கினது முழிச்சுக்கும். எதிலும் தெரியலைன்னா ஆல்டர்னேட்டர் தடி வயரைக் கழட்டுங்க, அதுக்கு முன்னாடி பாட்டரி வயர் விலகியிருக்கணும். வயரைத் தனியா டேப் சுத்தி, மீட்டரைத் திரும்ப மாட்டுங்க. ஆம்பியர் விழுந்தா டயோடு கசியுது. டேஷ்கேம் பார்க்கிங் மோடையும் அணைச்சுப் பாருங்க.

பாசிர் ரிஸ்: ஐடில் (வண்டி நிக்கும்போது எஞ்சின் ஓடுற வேகம்) ஏறி இறங்குது. பாட்டரி பலவீனமா?

இல்லை. இன்டேக் ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருக்கான்னு பாருங்க. சரின்னா, பல நாள் பாட்டரி கழட்டிக் கிடந்ததில் இசியூ ஐடில் அளவை மறந்திருக்கு. எஞ்சின் சூடான பிறகு ஏர்கான் இல்லாம 10 நிமிஷம், போட்டு 10 நிமிஷம் ஐடிலில் விடுங்க. சில மாடலுக்கு ஸ்கேனரில்தான் பழக்கணும்.

சுவா சூ காங்: புது பாட்டரி மாத்தியும்...

முதல் பதில், மூணாவது தடவை. 0.2 வோல்ட். அளந்துட்டு நம்பரோட வாங்க.