சென்னையிலிருந்து அந்தமானில் உள்ள ஹேவ்லாக் தீவுக்குப் போய்வரப் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

விமான டிக்கெட்டை மட்டும் பார்த்துத் தேதியை முடிவு செய்துவிடாதீர்கள். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சுமார் இரண்டேகால் மணி நேரம்தான். ஆனால் ஹேவ்லாக்குக்கு அங்கிருந்து படகு பிடிக்க வேண்டும். திட்டத்தின் முடிச்சே அந்தப் படகில்தான் இருக்கிறது.

தனியார் கேட்டமரன் (இரட்டை உடல் கொண்ட வேகப்) படகுகள் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் சேர்த்துவிடும். அரசுப் படகில் கட்டணம் மிகக் குறைவு, வேகமும் குறைவு. தீவு மக்களுக்கு அதில் முன்னுரிமை உண்டு, அது நியாயம்தான். தீவுகள் கிழக்கே தள்ளி இருப்பதால் குளிர்காலத்தில் ஐந்தரைக்குள் இருட்டிவிடும், படகுகளும் பகலோடு சரி. அதனால் மதியத்துக்கு மேல் இறங்கும் விமானம் என்றால் அன்றிரவு போர்ட் பிளேரில் தங்கி, காலைப் படகில் போங்கள்.

திரும்பும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கடல் கொந்தளித்தால் படகை ரத்து செய்துவிடுவார்கள். படகுக் கட்டணம் திரும்பக் கிடைத்தாலும் தவறிய விமானத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். கடைசி இரவைக் கட்டாயம் போர்ட் பிளேரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்; செல்லுலார் சிறையை அன்று நிதானமாகப் பார்க்கலாம். மே முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், அப்போது இன்னும் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலும் உண்டு. ஒரு வழிக்கே கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும் என்பதால், ஒரு வார விடுமுறைக்கு அதை நான் சொல்ல மாட்டேன். அப்புறம், படகுக்கும் அடையாள அட்டை வேண்டும்; அசலையே எடுத்துப் போங்கள்.