மகன் ஃபுட்பால் கோச் ஆகப் போகிறானாம், தடுக்கட்டுமா?

கேள்வி: டல்லாஸ் பக்கம் பல வருடங்களாக இருக்கிறோம். ஒரே மகன், 22 வயது. புள்ளியியல் படித்து இந்த மே மாதம் பட்டம் வாங்குகிறான். பள்ளியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடினான். முழங்காலில் அடிபட்டதால் கல்லூரியில் ஆடவில்லை. ஆனால் நாலு வருடமும் கல்லூரி டீமின் ஆபீசிலேயே கிடந்தான், ஆட்ட வீடியோக்களைப் பிரித்துக் கொடுக்கும் வேலை. இப்போது வேறு மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகம் டிஃபென்ஸ் (தடுப்பாட்டம்) பிரிவில் கிராஜுவேட் அசிஸ்டென்ட்டாக, அதாவது முதுகலை படித்துக்கொண்டே கோச்சுகளுக்கு உதவுபவனாக, வரச் சொல்கிறது. கையில் இருக்கும் நல்ல வேலையை வேண்டாம் என்கிறான். அவன் அப்பா ஒரு மாதமாக அவனோடு பேசுவதில்லை. இதெல்லாம் ஒரு வேலையா? கல்லூரியில் ஆடாதவனைக் கோச் என்று யார் மதிப்பார்கள்? தடுக்கட்டுமா, விடட்டுமா?

– டெக்சாஸ் வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தடுக்காதீர்கள். டிவியில் மேட்ச் பார்த்துவிட்டு வந்த ஆசையாக இருந்தால் நானும் யோசித்திருப்பேன். உங்கள் மகன் நாலு வருடம் அந்த ஆபீசுக்குள் இருந்து, அங்கே யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள், யாரை எப்போது வேலையை விட்டு அனுப்புகிறார்கள் என்பதையெல்லாம் பார்த்திருக்கிறான். பார்த்த பிறகும் வேண்டும் என்கிறான்.

ஆடாதவனை யார் மதிப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். டேவ் அராண்டா என்ற கல்லூரி ஃபுட்பால் கோச்சைப் பற்றிச் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் ரெட்லேண்ட்ஸ் என்ற ஊர், பெற்றோர் மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறியவர்கள். உடம்பில் பட்ட காயங்களால் அவர் கல்லூரி ஃபுட்பால் ஆடவே இல்லை. தன் பள்ளியிலேயே கோச்சிங்கை ஆரம்பித்தார். கலிஃபோர்னியா லூதரன் என்ற சின்னக் கல்லூரியில் தத்துவம் படித்துக்கொண்டே லைன்பேக்கர்களுக்கு (நடுவரிசைத் தடுப்பாளர்களுக்கு) பயிற்சி கொடுத்தார். 2000-த்தில் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் கிராஜுவேட் அசிஸ்டென்ட், அதாவது உங்கள் மகனுக்கு இப்போது வந்திருக்கும் அதே வேலை. அப்புறம் ஹூஸ்டன், திரும்பவும் கலிஃபோர்னியா லூதரன், மிசிசிப்பியில் டெல்டா ஸ்டேட், ஹவாய், யூட்டா ஸ்டேட், விஸ்கான்சின் என்று ஊர் ஊராகப் போய் எல்.எஸ்.யு.வில் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) டிஃபென்சிவ் கோ-ஆர்டினேட்டர், அதாவது தடுப்பாட்டம் முழுவதற்கும் பொறுப்பான கோச், ஆனார். 2018-ல் அங்கே அவருக்குப் போட்ட ஒப்பந்தம் வருடத்துக்கு 25 லட்சம் டாலர். 2019 சீசனில் அந்த டீம் ஆடிய 15 ஆட்டங்களையும் ஜெயித்து தேசியப் பட்டம் வாங்கியது.

அதோடு முடியவில்லை. டெக்சாசில் உள்ள பேய்லர் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைக் கோச்சாகப் போய், 2020-ல் இரண்டே ஆட்டங்களில்தான் ஜெயித்தார். அடுத்த வருடம் டிசம்பரில், உங்கள் வீட்டுப் பக்கம் ஆர்லிங்டனில், பிக் 12 என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் இறுதி ஆட்டம். பேய்லர் 21, ஓக்லஹோமா ஸ்டேட் 16. கடைசி நிமிடங்களில் ஓக்லஹோமா ஸ்டேட் பந்தை எல்லைக்கோட்டுக்கு இரண்டு கஜம் வரை கொண்டுவந்துவிட்டது. உள்ளே போக நாலு வாய்ப்பு. நாலையும் பேய்லர் தடுத்தது. கடைசி முறை பந்தோடு ஓடியவர் மூலைக் கம்பத்தை நோக்கிப் பாய்ந்து கையை நீட்டினார். சில அங்குலம் எட்டவில்லை. அந்த ஆட்டத்தின் கடைசிப் பகுதியை மகனோடு உட்கார்ந்து ஒரு தடவை பாருங்கள். அவன் எதை நினைத்து ஏங்குகிறான் என்பது நான் எழுதுவதைவிட நன்றாகப் புரியும்.

இது ஒரு வேலையா என்று கேட்டால், சீசன் நடக்கும் மாதங்களில் லீவே இல்லாத வேலை. சனிக்கிழமை ஆட்டம் முடிந்த மறுநாளே, முந்தின நாள் ஒவ்வொரு ஆட்டக்காரரும் ஒவ்வொரு நகர்விலும் என்ன செய்தார் என்று மார்க் போட வேண்டும். கூடவே அடுத்த எதிரணியின் பழைய ஆட்டங்களைப் பிரிக்க வேண்டும். எத்தனையாவது வாய்ப்பு (பத்து கஜம் முன்னேற நாலு வாய்ப்பு உண்டு), இன்னும் எத்தனை கஜம் போக வேண்டும், பந்து மைதானத்தின் எந்தப் பக்கம் இருந்தது, யார் யார் இறங்கியிருந்தார்கள், ஓடினார்களா, எறிந்தார்களா என்று ஒவ்வொன்றையும் குறித்து அட்டவணை போடுவார்கள். மூன்றாவது வாய்ப்பில் ஏழு கஜத்துக்கு மேல் தேவைப்பட்டால் அந்த அணி எங்கே எறியும் என்ற கேள்விக்கு அதிலிருந்துதான் பதில் கிடைக்கும். புள்ளியியல் படித்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது?

வாரத்தின் நடுவில் நடக்கும் பயிற்சியில் இரண்டாம் வரிசைப் பையன்கள் எதிரணி மாதிரி நடிப்பார்கள். எதிரணியின் ஆட்டம் அவர்களுக்குத் தெரியாது. அதனால் கிராஜுவேட் அசிஸ்டென்ட் ஒவ்வொரு நகர்வையும் ஓர் அட்டையில் வரைவான். பதினொரு வட்டம், யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறிகள். வட்டமாக நிற்கும் பையன்கள் நடுவில் அதைத் தூக்கிப் பிடிப்பான். அவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே ஓடுவார்கள். ஓர் அம்புக்குறி தப்பாக இருந்தால், டிஃபென்ஸ் முழுவதும் நடக்காத ஒன்றைத் தடுக்கப் பழகிவிடும். சனிக்கிழமை பல்லாயிரம் பேர் முன்னால் அது தெரியவரும். சம்பளம் என்று பார்த்தால் கைச்செலவுக்குத்தான் காணும், பொறுப்போ இத்தனை பெரியது. உங்கள் வீட்டுக்காரரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: வித்வான் வீட்டில் தங்கி, எடுபிடி வேலை செய்து பாட்டு கற்றுக்கொள்வது போன்றது இந்த இரண்டு வருடம்.

சரி, இனி கசப்பான பக்கம். உங்களைத் தேற்றுவதற்காக இதை மறைக்கக் கூடாது. இந்தத் தொழிலில் பயப்பட வேண்டியது ஆரம்பச் சம்பளத்தை நினைத்து அல்ல. நம் பிழைப்பு இன்னொருவர் தலையெழுத்தோடு கட்டப்பட்டிருக்கிறதே, அதுதான் பயம். தலைமைக் கோச்சை நீக்கினால் பெரும்பாலும் அவருடைய ஆட்கள் எல்லாருமே வெளியே. ஓர் உதவிக் கோச்சின் பிரிவு நன்றாக ஆடியதா இல்லையா என்று யாரும் தனியாகக் கேட்க மாட்டார்கள். இந்த நீக்கங்கள் பெரும்பாலும் சீசன் முடிகிற நவம்பர், டிசம்பரில் வரும். குழந்தைகளைப் பாதிப் படிப்பில் பள்ளி மாற்ற வேண்டும், வாங்கிய வீட்டை விற்க வேண்டும். ஜனவரியில் கோச்சுகள் சங்கத்தின் மாநாட்டில் வேலை தேடுபவர்கள் ஹோட்டல் வரவேற்பறையில் தெரிந்த முகத்துக்காகக் காத்திருப்பார்கள்.

ஏழு தேசியப் பட்டங்கள் வாங்கிய நிக் சேபனையே 1981 சீசனுக்குப் பிறகு ஒஹையோ ஸ்டேட்டில் வேலையை விட்டு அனுப்பினார்கள். அப்போது அவர் பின்வரிசைத் தடுப்பாளர்களின் கோச். கிர்பி ஸ்மார்ட் 2001-ல் வால்டோஸ்டா ஸ்டேட்டில் டிஃபென்சிவ் கோ-ஆர்டினேட்டராக இருந்தவர். அடுத்த வருடமே ஃபுளோரிடா ஸ்டேட்டில் கிராஜுவேட் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்தார். நம் வீடுகளில் இதை இறங்குமுகம் என்போம். அவர் பெரிய இடத்தில் கற்றுக்கொள்ளப் போனார். பின்னால் ஜார்ஜியாவின் தலைமைக் கோச்சாக 2021, 2022 இரண்டு சீசன்களிலும் பட்டம் வாங்கினார். உங்கள் மகன் வாழ்க்கையிலும் இப்படி ஒரு வருடம் வரலாம். அப்போது சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நீங்கள் அவன் பக்கம் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எல்லாரும் அலைந்துகொண்டே இருப்பதில்லை. பட் ஃபாஸ்டர் 1987-ல் வர்ஜீனியா டெக்குக்குப் போனவர், 2019 வரை அங்கேயே இருந்தார். தலைமைக் கோச் ஆகவே இல்லை. சுரங்கத் தொழிலாளி எடுத்துப் போவது போன்ற அடிபட்ட தகர டிபன் பெட்டி ஒன்றை அவர் டிஃபென்சின் அடையாளமாக்கினார். நன்றாக உழைத்த ஆட்டக்காரர் கையில் அது போகும். 2006-ல் நாட்டின் சிறந்த உதவிக் கோச்சுக்கான பிராய்ல்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. அயோவாவில் ஃபில் பார்க்கர் 1999 முதல் ஒரே இடத்தில் இருக்கிறார், 2023-ல் அதே விருது வாங்கினார். எனக்கு இவர்கள் இரண்டு பேரையும் பட்டம் வாங்கிய பலரைவிட அதிகம் பிடிக்கும். ஆனால் இப்படி ஓரிடத்தில் வேர் விடுவது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. பெரிய அணிகள் இருக்கும் மேல்மட்டப் பிரிவில் 130 சொச்சம் பல்கலைக்கழகங்கள்தான், கோ-ஆர்டினேட்டர் நாற்காலியும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

மகனிடம் "எவ்வளவு சம்பாதிப்பாய்" என்று கேட்பதை இப்போதைக்கு நிறுத்துங்கள். அந்தத் தலைமைக் கோச்சின் ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை வருடம் பாக்கி, போன இரண்டு சீசன் எப்படிப் போனது என்று கேளுங்கள். இவனுக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த பையன் இப்போது எங்கே வேலை செய்கிறான் என்று கட்டாயம் கேளுங்கள். நல்ல கோச் தன் பையன்களுக்கு அடுத்த வேலையைப் போன் செய்து வாங்கிக் கொடுப்பார். அந்தப் பட்டியல் காலியாக இருந்தால் இந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்துக்கு முயற்சி செய்யட்டும்.

கிராஜுவேட் அசிஸ்டென்ட் என்றால் முதுகலையும் படித்தாக வேண்டும். நேரம் இல்லை என்று கிடைத்த சுலபமான படிப்பில் சேருகிறவர்கள் உண்டு. உங்கள் மகன் புள்ளியியலிலேயே சேரட்டும், கஷ்டப்பட்டாலும் பரவாயில்லை. ஆட்டத் தரவுகளை அலசுவதற்கென்றே இன்று என்.எஃப்.எல். (தொழில்முறை ஃபுட்பால் லீக்) அணிகள் ஆள் வைத்திருக்கின்றன. கோச்சிங் கைவிட்டாலும் அந்தப் பட்டம் நிற்கும்.

இத்தனை வருடத்துக்குள் ஜெயிக்க வேண்டும் என்று கெடு மட்டும் வைக்காதீர்கள். அராண்டா அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்து எல்.எஸ்.யு. போய்ச் சேர 16 வருடம் ஆனது. அப்பாவின் மௌனத்தை அவன் கிளம்புவதற்கு முன்பே உடைத்துவிடுங்கள். ஆகஸ்டில் பயிற்சி முகாம் ஆரம்பித்தால் அவனுக்குச் சண்டை போடவோ சமாதானம் ஆகவோ நேரமே இருக்காது.

படிப்புக் கட்டணம் முழுவதும் அவர்கள் கட்டுகிறார்களா, கோடை மாதங்களிலும் உதவித்தொகை வருமா என்பதை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். உங்கள் குடும்ப மருத்துவக் காப்பீட்டில் 26 வயது வரை அவன் இருக்கலாம், இப்போது அவன் பெயரை எடுத்துவிடாதீர்கள்.