வாசகர் கேள்விகள்: பக்கக் காற்றில் தரையிறங்கும் விமானங்கள்

கேள்வி: பலத்த காற்றில் இறங்கும் விமானங்கள், ஓடுபாதைக்கு நேராக இல்லாமல் மூக்கை ஒருபுறம் திருப்பிக்கொண்டு வருவதைக் காணொளிகளில் பார்க்கிறேன். விமானியின் பிடி நழுவிவிட்டது என்று பொருளா? இந்த அளவுக்கு மேல் காற்றடித்தால் இறங்கக் கூடாது என்ற வரம்பு கிடையாதா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பிடி நழுவவில்லை, மூக்கைத் திருப்பியிருப்பவரே விமானிதான். நீரோட்டம் இழுக்கும் என்பதை அறிந்த ஓடக்காரர், சேர வேண்டிய துறைக்குச் சற்று மேற்புறமாக ஓடத்தைத் திருப்பிவைப்பது போன்றதே இது. மூக்கு எப்பக்கம் பார்த்தாலும், விமானம் நகர்வது ஓடுபாதையின் நடுக்கோட்டை ஒட்டித்தான். 140 நாட் வேகத்தில் வரும் விமானத்தின் மீது 30 நாட் காற்று, அதாவது மணிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர் காற்று, நேர் குறுக்காக வீசினால் சுமார் 12 டிகிரி திருப்ப வேண்டியிருக்கும்.

உண்மையான சோதனை கடைசிச் சில நொடிகளில்தான் வருகிறது. அதே கோணத்தில் தரையைத் தொட்டால் சக்கரங்களின் மீது பக்கவாட்டில் பெரும் விசை விழும் என்பதால், தரைக்கு மிக அருகில் வந்ததும் விமானி வால் பகுதியிலுள்ள சுக்கானை இயக்கும் மிதியை மிதித்து மூக்கை நேராக்குகிறார். அப்போது காற்று வரும் பக்கத்து இறக்கை மேலெழ முயலும்; அதை அடக்க, கைப்பிடியை அந்தப் பக்கமாகச் சாய்த்து இறக்கையைச் சற்றுத் தாழ்த்த வேண்டும். மிகையாகத் தாழ்த்தினால் இறக்கை நுனியோ, போயிங் 747 போன்றவற்றில் வெளிப்புற எஞ்சினோ தரையில் உரசிவிடக்கூடும்.

வரம்பைப் பொறுத்தவரை, பலர் எண்ணுவதுபோல அது ஒரே கோடன்று. விமானக் கையேட்டில் காணப்படும் எண் பெரும்பாலும், சோதனைப் பறப்பின்போது எதிர்கொண்டு இறங்கிக் காட்டிய மிகப் பலத்த பக்கக் காற்றின் அளவு மட்டுமே. அதைக் கடக்கவே கூடாது என்ற தடையாக அது எப்போதும் எழுதப்படுவதில்லை. ஆகவே விமான நிறுவனங்கள் தத்தம் வரம்புகளைத் தனியே வகுத்துக்கொள்கின்றன. ஓடுபாதை நனைந்து வழுக்கும் நிலையில் இருந்தால் அவை மேலும் குறையும்.

இந்தத் தெளிவின்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, 2008 மார்ச் 1 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நடந்ததைச் சொல்லலாம். எம்மா புயலின்போது, மியூனிக்கிலிருந்து வந்த லுஃப்தான்சாவின் ஏர்பஸ் ஏ320 இறங்க முயன்றது. அந்த வகைக்கு நிரூபிக்கப்பட்டிருந்த பக்கக் காற்று 33 நாட், சூறைவீச்சில் 38 நாட். அன்றைய வீச்சோ 47 நாட் வரை போனது. இடது சக்கரம் தொட்டவுடன், விமானம் தரைக்கு வந்துவிட்டதாகக் கணினி எடுத்துக்கொண்டு, பக்கச் சாய்வைத் திருத்தும் ஆற்றலைப் பாதியளவுக்குக் குறைத்துவிட்டது என்று விசாரணையில் தெரியவந்தது. இடது இறக்கை நுனி ஓடுபாதையில் உரசியது. விமானிகள் முயற்சியைக் கைவிட்டு மேலெழுந்து, காற்றுக்கு இன்னும் நேராக அமைந்திருந்த , 33 என்ற எண்ணுடைய வேறோர் ஓடுபாதையில் இறங்கினர். எவருக்கும் காயமில்லை. அந்த ஓடுபாதையை முதலிலேயே கேட்டிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: மழையும் காற்றுமாக இருக்கையில் விமானம் ‘தடால்’ என்று இறங்குவது விமானியின் திறமைக் குறைவா?
– வாசகர், காரைக்குடி

பதில்: பெரும்பாலும் இல்லை. மெத்தென்று இறக்குவதற்காக ஓடுபாதைக்கு மேலே மிதந்துகொண்டிருந்தால் காற்று விமானத்தை நடுக்கோட்டிலிருந்து தள்ளிவிடும். நிறுத்துவதற்கான தூரமும் குறையும். அதனால் அழுத்தமாக இறக்கி, சக்கரங்களுக்கு உடனே பிடிமானம் கிடைக்கச் செய்யவே விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது.